டேனியல் கண்ட சென்னை

நுண்கலைகளுள் ஓவியமும் ஒன்று. இசை செவிக்கு இன்பம் தருவது. ஓவியம் கண்ணுக்கு இன்பம் தருவது. ஆயினும், ஓவியத்தின் பயன் இன்பத்தோடு முடிந்துவிடுவதன்று. ஒரு காலத்து ஊரும் தெருவும் பாலமும் படகும் எவ்வாறு இருந்தன என்பதைப் பின்வரும் தலைமுறையினருக்கு எடுத்துக் காட்டும் ஆற்றலும் அதற்கு உண்டு. நிழற்படக் கருவி தோன்றுவதற்கு முன்னர் இந்தப் பணியை ஓவியர்களே செய்தனர். அவ்வாறு நம் சென்னையின் கடற்கரையையும் கோட்டையையும் பாலத்தையும் வரைந்து வைத்தவர்களுள் தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள்.

அவர்கள் பெரிதும் கையாண்ட முறை நீர்வண்ணம் என்பதாகும். நுண்ணிய பொடியாக அரைத்த வண்ணத்தைப் பிசினுடன் சேர்த்து, நீரில் கரைத்துத் தாளின்மீது தீட்டுவதே நீர்வண்ண ஓவியம். எண்ணெய் வண்ணத்தில் வெண்மை வேண்டுமிடத்தில் வெள்ளைச் சாயத்தை அப்புவர். நீர்வண்ணத்தில் அவ்வாறு செய்வது அரிது. தாளின் வெண்மையே அங்கு ஒளியாகும். அலையின் நுரையும் சுவரின் வெயிலும் வேண்டுமாயின், அந்த இடத்தைத் தீட்டாமல் விட்டுவிட வேண்டும். எனவே, எங்கெங்குத் தீட்டக் கூடாது என்பதைத் தூரிகையை எடுக்கும் முன்பே ஓவியன் தெளிந்திருத்தல் வேண்டும்.

மெல்லிய வண்ணத்தை முதலிலும் அடர்ந்த வண்ணத்தைப் பின்னரும் தீட்டுவது இந்தக் கலையின் ஒழுங்கு. வானத்தை ஒரே மூச்சில் தீட்டுவர். ஈரம் காய்ந்தபின் தொலைவிலுள்ள மலையையும் மரத்தையும் தீட்டுவர். இறுதியில் அண்மையிலுள்ள படகையும் மனிதரையும் அழுத்தமான நிறத்தால் முடிப்பர். ஈரம் காயுமுன் அடுத்த வண்ணத்தை இட்டால் இரண்டும் கலங்கிவிடும்; பிழையாகத் தீட்டியதை முற்றிலும் அழித்தலும் இயலாது. பொறுமையும் விரைவும் ஒருங்கே வேண்டும் கலை இது. கணந்தோறும் மாறும் கடலையும் முகிலையும் வரைவதற்கு இதனினும் ஏற்றதொரு முறை இல்லை எனலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கலைக்கு ஒரு வசதி கிடைத்தது. அதற்குமுன் ஓவியர்கள் வண்ணங்களைத் தாமே அரைத்துக் குழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ரீவ்ஸ் என்னும் வணிகர்கள், நீரில் தொட்ட அளவில் கரையும் சிறு வண்ணக் கட்டிகளைச் செய்தனர். அதற்காக அவர்களுக்கு 1781-இல் பரிசும் வழங்கப்பட்டது. வண்ணக் கட்டிகளையும் தாளையும் ஒரு சிறு பெட்டியில் அடக்கிக்கொண்டு ஓவியன் காடும் மலையும் கடலும் கடந்து செல்லலாம் என்ற நிலை அதன்பின் உண்டாயிற்று.

தாமஸ் டேனியல் 1749-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஒரு விடுதி நடத்தி வந்தவர். தாமஸ் இளமையில் குதிரை வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் ஒருவரிடம் தொழில் பழகினார். செல்வர்களின் வண்டிக் கதவுகளில் குலச் சின்னங்களை வரைவதும் அத்தொழிலைச் சார்ந்த வேலையாக இருந்தது. அங்குப் பெற்ற கைத்திறனோடு அவர் 1773-இல் இலண்டனில் உள்ள அரச கலைக்கழகப் பள்ளியில் சேர்ந்து ஓவியம் பயின்றார். வில்லியம் 1769-இல் பிறந்தவர். அவர் சிறுவராக இருந்தபோதே தந்தையை இழந்தார். சிற்றப்பாராகிய தாமஸே அவரை வளர்த்து, தம் தொழிலையும் கற்பித்தார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் இசைவைப் பெற்று இருவரும் 1785-இல் கப்பலேறினர். அப்போது வில்லியமுக்கு வயது பதினாறு அளவே. அவர்கள் சென்ற கப்பல் முதலில் சீனத்துக்குப் போயிற்று. அங்கிருந்து 1786-இல் கல்கத்தாவை அடைந்தனர். அந்நகரின் காட்சிகளை வரைந்து, பன்னிரண்டு படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டனர். பின்னர் 1788 முதல் 1791 வரை கங்கைக் கரை வழியாக வடநாடு முழுவதும் சுற்றி, இமயமலைச் சாரலில் உள்ள கார்வால் நாடுவரை சென்று மீண்டனர்.

தென்னாட்டைக் காணவேண்டும் என்ற ஆவல் அதன்பின் எழுந்தது. ஆனால் பயணத்துக்குப் பெரும்பொருள் வேண்டுமே! அவர்களை ஆதரிக்கும் மன்னர் எவரும் இலர். தாங்கள் தீட்டிய ஓவியங்களையே பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு நடத்தி, அதனால் வந்த பொருளைக்கொண்டு அவர்கள் புறப்பட்டனர். 1792-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே நிகழ்ந்த மூன்றாம் மைசூர்ப் போர், சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் முடிவுற்றது. அதே காலத்தில் டேனியல்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தனர்.

அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை என்பது இன்றுள்ளோருக்கு வியப்பாக இருக்கும். கப்பல்கள் கரையிலிருந்து நெடுந்தொலைவில், திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓயாத அலைகள் வரிசை வரிசையாக எழுந்து மடியும். ஐரோப்பியர்களின் கப்பற்படகுகள் அந்த அலைகளில் அகப்பட்டால் உடைந்துபோகும். மனிதரும் சரக்கும் கரை சேரவேண்டுமானால், நம் நாட்டுப் படகோட்டிகளையும் அவர்களுடைய மசூலாப் படகுகளையும் நம்பியே தீரவேண்டும். ஆளுநரும் படைத்தலைவரும் வணிகரும் இவ்வாறே இந்நகரில் கால் வைத்தனர்.

மசூலாப் படகின் அமைப்பு எண்ணி மகிழத்தக்கது. அதில் இரும்பு ஆணி கிடையாது. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, தென்னை நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்து அப்படகைச் செய்தனர். ஆணி அடித்துக் கட்டிய விறைப்பான படகு, அலை கொண்டுவந்து மணலில் மோதும்போது பிளந்துவிடும். தைத்த படகோ மோதலுக்கு வளைந்து கொடுத்து நிலைத்து நிற்கும். கடலை எதிர்த்து நிற்பதைவிட அதனோடு இசைந்து செல்வதே அறிவு என்பதை நம் மீனவர் வழிவழியாக அறிந்திருந்தனர். படகோடு கட்டுமரங்களும் சென்றன. சில மரக்கட்டைகளை இணைத்துக் கட்டிய கட்டுமரம் அலையில் கவிழினும், அதில் செல்வோர் மீண்டும் பற்றி ஏறிக்கொள்வர். ஆகவே, கடலில் தவறி விழுந்தவர்களைக் காப்பதற்கும் அது உதவியது.

இக்காட்சியை டேனியல்கள் வரைந்தனர். புனித சார்ச்சுக் கோட்டையைத் தென்கிழக்கிலிருந்து நோக்கும் அப்படத்தில், கோட்டை பின்னே நிற்கிறது. முன்னே கடல் பொங்குகிறது. அலைகளின் நடுவே படகுகள் மேலும் கீழுமாகத் தத்தளிக்கின்றன. கோட்டைச் சுவர்களும் மாளிகைகளும் வெயிலில் வெண்மையாக விளங்குகின்றன. சிப்பிச் சுண்ணாம்பை நன்கு அரைத்துப் பூசி, பளிங்கு போல மெருகேற்றுவது அக்காலச் சென்னையின் தனிச்சிறப்பு. புதிதாக வந்தவர்கள் அதனைச் சலவைக்கல் என்றே எண்ணி மயங்கினர். வெண்மாடங்களின் அமைதியும் அலைகளின் கொந்தளிப்பும் ஒரே தாளில் அமைந்திருப்பதே அப்படத்தின் அழகு. நகரத்தின் பெருமையையும், அந்நகரத்துக்கு வரும் வழியின் இடரையும் அது ஒருங்கே கூறிவிடுகிறது.

கடற்கரையோடு அவர்கள் நிற்கவில்லை. கோட்டையின் மேற்கு வாயிலையும், ஆளுநர் மாளிகையையும், கறுப்பர் நகரம் என்று அன்று ஆங்கிலேயர் அழைத்த வட பகுதியில் ஒரு பாகத்தையும் வரைந்தனர். நகருக்குத் தென்மேற்கே குதிரைப் பந்தயத் திடலின் அருகிருந்த மன்றத்தையும் தீட்டினர். இவற்றினும் தென் சென்னையில் வாழ்வோர்க்கு நெருக்கமான படம் ஒன்றுண்டு. அது பரங்கிமலைக்கு அருகில் அடையாற்றின் குறுக்கே இருந்த ஆர்மீனியர் பாலத்தின் ஓவியமாகும்.

பெத்ருஸ் உஸ்கான் என்பவர் சென்னையில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர். வாணிகத்தில் ஈட்டிய பொருளைக்கொண்டு அவர் 1726-இல் சைதாப்பேட்டையில் அப்பாலத்தைக் கட்டினார். பரங்கிமலையின்மீது உள்ள தேவாலயத்துக்குச் செல்வோர் எளிதில் ஏறுவதற்குப் படிகள் அமைத்தவரும் அவரே. அவரது பாலம் வருவதற்குமுன், மழைக்காலத்தில் ஆறு பெருகினால் மக்கள் அக்கரை செல்ல இயலாது வருந்தினர். பல வளைவுகள் கொண்ட அந்த நீண்ட பாலம், மாம்பலத்தின் பெயர் ஆங்கிலேயர் வாயில் திரிந்தமையால், மர்மலாங்குப் பாலம் என்றும் வழங்கியது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அது உழைத்தது. பின்னர் 1966-இல் அதனிடத்தில் மறைமலை அடிகள் பாலம் எழுந்தது. இன்று பல்லாவரம், கீழ்க்கட்டளை முதலிய ஊர்களிலிருந்து நகரினுள் செல்வோர் பலரும் அவ்விடத்திலேயே ஆற்றைக் கடக்கின்றனர். பழைய பாலத்தின் தோற்றத்தைக் காண விரும்புவோருக்கு டேனியல்களின் ஓவியம் துணைசெய்கிறது.

சென்னையிலிருந்து 1792 ஏப்பிரலில் புறப்பட்ட அவர்களுடைய தென்னாட்டுப் பயணம் பல திங்கள் நீடித்தது. பல்லக்குத் தூக்குவோரும், சுமை தூக்குவோரும், மாட்டு வண்டிகளுமாக ஒரு கூட்டமே உடன் சென்றது. அண்மையில் போர் நிகழ்ந்த பெங்களூர்ப் பகுதியையும், இராயக்கோட்டை முதலிய மலைக்கோட்டைகளையும் கண்டனர். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையையும், மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையையும், பாபநாசம் அருவியையும், தஞ்சைப் பெரிய கோயிலையும் வரைந்தனர். மாமல்லபுரத்துக் கற்கோயில்களும் அவர்கள் தூரிகைக்கு விருந்தாயின. நாயக்கர் அரண்மனை அன்று இடிந்து பழுதுற்றுக் கிடந்தது. பிற்காலத்தில் அது பழுதுபார்க்கப்பட்டது. அதற்குமுன் அதன் நிலை யாது என்பதை அறிவதற்கு இப்படங்கள் சான்றாக நிற்கின்றன.

அவர்கள் வேலை செய்த முறை கருதத்தக்கது. வைகறையில் எழுந்து, வெயில் ஏறுமுன் வரைவதற்குரிய இடத்தைத் தேர்வர். இருட்பெட்டி என்னும் கருவியை அங்கு நிறுத்துவர். அதன் ஒரு பக்கத்தில் உள்ள கண்ணாடி வில்லை, எதிரே உள்ள காட்சியை உள்ளே தாளின்மீது விழச் செய்யும். அவ்வுருவின் எல்லைகளைப் பென்சிலால் வரைந்துகொண்டால், கோபுரத்தின் உயரமும் மண்டபத்தின் அகலமும் அளவு பிறழாமல் அமையும். பிறகு நீர்வண்ணத்தால் ஒளியையும் நிழலையும் ஏற்றுவர். கருவி அளவைத் தந்தது. ஆனால், காலை ஒளியின் மென்மையையும் அலையின் அசைவையும் தந்தது ஓவியர்களின் கண்ணேயாகும்.

1794-இல் இருவரும் இங்கிலாந்துக்குத் திரும்பினர். அங்கே அடுத்த பெரும்பணி தொடங்கியது. தாங்கள் கொண்டுவந்த ஓவியங்களைப் பலரும் காணவேண்டுமாயின் அவற்றை அச்சிடுதல் வேண்டும். அதற்கு அக்குவாட்டிண்டு என்னும் முறையைக் கைக்கொண்டனர். செப்புத் தகட்டின்மேல் பிசின் தூளைத் தூவிச் சூடுகாட்டினால், அத்தூள் நுண்ணிய புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். பின் தகட்டை அமிலத்தில் இட, புள்ளிகளுக்கு இடைப்பட்ட செம்பு மட்டும் அரிக்கப்படும. நெடுநேரம் அரிக்கப்பட்ட இடம் ஆழமாகி மிகுதியான மையைப் பிடிக்கும். சிறிது நேரமே அரிக்கப்பட்ட இடம் மங்கலாக அச்சாகும். இவ்வாறு நீர்வண்ணத்தின் மெல்லிய சாயலை அச்சிலும் கொண்டுவர முடிந்தது. அச்சான தாள்களுக்குப் பின்னர்க் கையால் வண்ணம் தீட்டினர்.

‘கீழைநாட்டுக் காட்சிகள்’ என்று பொருள்படும் பெயரோடு 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட தொகுதிகளில் 144 படங்கள் அடங்கியுள்ளன. இவற்றுள் எல்லோராக் குகைகளைப் பற்றிய 24 படங்கள், ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் மற்றோர் ஓவியர் வரைந்தவற்றைக்கொண்டு செய்யப்பட்டவை. செதுக்கும் வேலையில் பெரும்பங்கு வில்லியமுடையது. இரவும் பகலும் அவர் அப்பணியில் ஈடுபட்டார். சிற்றப்பாரிடம் எடுபிடி ஆளாகக் கப்பலேறிய சிறுவர், தம் உழைப்பால் அக்கலையில் இங்கிலாந்தின் தலைசிறந்தோருள் ஒருவரானார்.

சென்னைக் கரையில் அலையையும் படகையும் கூர்ந்து நோக்கிய பழக்கம் வில்லியமுக்கு வாழ்நாள் முழுதும் பயன்பட்டது. இலண்டனில் தேம்சு ஆற்றங்கரையில் புதிய கப்பல் துறைகள் தோன்றியபோது, அவற்றைப் பெரிய படங்களாக வரைந்து வெளியிட்டார். பின்னர், பிரித்தானியத் தீவின் கரை முழுவதையும் சுற்றிவந்து வரைய முற்பட்டார். கோடைக்காலத்தில் பயணம் செய்து வரைவார். குளிர்காலத்தில் வீட்டிலிருந்து செதுக்குவார். மீன்பிடி ஊர்கள், துறைமுக நகரங்கள், கலங்கரை விளக்கங்கள், பாறைகளுக்கிடையே செல்லும் பாய்மரப் படகுகள் எனக் கரையோரத்தில் உள்ள அனைத்தும் அவர் தாளில் இடம்பெற்றன. 1814 முதல் 1825 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த அந்நூலில் 308 படங்கள் உள்ளன. அரச கலைக்கழகம் 1822-இல் அவரை முழு உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. அவர் 1837-இல் மறைந்தார். தாமஸ் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து 1840-இல் மறைந்தார்.

இவ்வோவியங்கள் அனைத்தையும் அப்படியே உண்மை என்று கொள்ளுதல் தகுமா? இது ஆராய்தற்குரிய வினாவாகும். டேனியல்கள் கட்டடங்களின் அளவைப் பிழையின்றி வரைந்தனர். ஆயினும், காட்சி அழகாக அமையவேண்டும் என்பதற்காக மரத்தையோ மனிதரையோ தாம் விரும்பிய இடத்தில் வைத்ததும் உண்டு. மாந்தர் பெரும்பாலும் கோபுரத்தின் உயரத்தை அளந்து காட்டும் சிற்றுருவங்களாகவே நிற்கின்றனர். போரால் நலிந்த நாட்டின் வழியே அவர்கள் சென்றனர்; அந்நலிவு படங்களில் மிகுதியாகப் புலப்படுவதில்லை. அலையில் படகைச் செலுத்தியவன் பெயரையும் அவனுடைய கூலியையும் துயரத்தையும் அவை கூறவில்லை. வந்து சென்றவர் கண்ட காட்சி அது. ஊரில் பிறந்து வளர்ந்தவர் அதையே வரைந்திருப்பின், வேறு பல செய்திகளும் அதில் இடம்பெற்றிருக்கும். இக்குறையை அறிந்து பார்ப்போர்க்கு அந்த ஓவியங்கள் இன்னும் மிகுந்த பயன் அளிக்கும்.

அவர்கள் கண்ட சென்னை இன்று இல்லை. 1861-இல் கடலினுள் இரும்புத் தூண்களின்மேல் ஒரு நீண்ட பாலம் கட்டப்பட்டது. பின்னர்க் கல்லால் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பித் துறைமுகம் அமைக்கத் தொடங்கினர். 1881-இல் வீசிய புயல் அச்சுவர்களைத் தகர்த்தது. மீண்டும் முயன்று கட்டி முடித்தனர். கப்பல்கள் நேரே துறையை அணைந்தபின், பயணிகளை அலைகளினூடே கொண்டுவந்த மசூலாப் படகுகளுக்கு வேலையில்லாது போயிற்று. துறைமுகச் சுவர்கள் மணலின் ஓட்டத்தைத் தடுத்தமையால், தெற்கே மணல் சேர்ந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே கடல் நிலத்தை அரித்தது. கோட்டையின் சுவரை அன்று நெருங்கியிருந்த கடல் இன்று விலகி நிற்கிறது. நூறு பக்கங்களில் விளக்க வேண்டிய இம்மாறுதலை, பழைய ஓவியம் ஒன்றையும் இன்றைய கரையையும் ஒப்பிட்டு நோக்குவோர் ஒரு நொடியில் உணர்வர். கல்கத்தாவில் உள்ள விக்டோரியா நினைவு மண்டபம் டேனியல்களின் எண்ணெய் வண்ண ஓவியங்கள் பலவற்றைப் பேணி வருவதும் இப்பயன் கருதியே.

மாற்றம் கடற்கரையோடு நின்றுவிடவில்லை. பரங்கிமலைக்குத் தெற்கே உள்ள கீழ்க்கட்டளையை எடுத்துக்கொள்ளலாம். ஏரியும் அதன் நீரால் விளைந்த வயல்களுமாக இருந்த ஊர் அது. அதன் ஏரி நிரம்பி வழியும் நீர் நாராயணபுரம் ஏரிக்குச் சென்று, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிப் பாய்வது இயற்கை வகுத்த ஒழுங்கு. நகரம் வளர வளர வயல்கள் வீட்டுமனைகள் ஆயின. நீர் செல்லும் வழிகளும் குறுகின. முன்பு நீர் எவ்வழியே சென்றது, கரை எங்கே இருந்தது என்பவற்றை முதியோர் நினைவிலிருந்து கூறுகின்றனர். நினைவு அவர்களோடு மறையும். வரைந்து வைத்த தாள் மறையாது. நீரின் பழைய வழியை மறந்த ஊரில் மழைக்காலத்தில் நீரே வீடு தேடி வரும் என்பதைத் தென் சென்னை மக்கள் பட்டறிந்துள்ளனர்.

ஓவியம் வரையப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு தாள், ஒரு தூரிகை, சில வண்ணங்கள், ஒரு கிண்ணம் நீர் ஆகியன போதும். எல்லாரும் டேனியல் ஆதல் இயலாது. எனினும், தம் ஊரின் ஏரிக்கரையையும் கோயில் குளத்தையும் பழைய வீட்டுத் திண்ணையையும் ஒருமுறையேனும் நின்று நோக்கி வரைதல் எல்லார்க்கும் இயலும். வரையத் தொடங்கியபோதே, நாள்தோறும் பார்த்தும் பாராத பலவற்றைக் கண் காணத் தொடங்கும். படத்தின் ஓரத்தில் நாளும் இடமும் குறித்து வைத்தால், அது பிற்காலத்தார்க்கு ஓர் ஆவணமும் ஆகும். கடல் கடந்து வந்த இருவர் நம் கரையையும் பாலத்தையும் அத்துணை அக்கறையோடு நோக்கினர். இங்கேயே பிறந்து வளரும் இளைஞர்கள் தம் ஊரை அதனினும் மிகுந்த அன்போடு நோக்கி, அதன் உருவைக் காத்து வைத்தல் கடமையாகும்.